பதினாலு பாகம், இருபத்தைந்து நிமிடம்

ஜனவரி 18, சனி

ஆஸ்பத்திரியில் இன்று மூன்றாம் நாள். காலை ஏழு மணிக்குப் பென்சில் முனையால் அப்பாவின் இடது உள்ளங்காலில் கோடு போட்டேன். "போடு" என்றார். போட்டு முடித்திருந்தேன். வலது காலிலும் அப்படியே. கணுக்கால், முழங்கால், தொடை என்று மேலே வந்தேன். தொப்புளுக்கு இரண்டு விரல் கீழே வந்தபோது, "இப்ப என்னமோ ஊருது" என்றார். அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தேன். இனி தினமும் இதே நேரத்தில் சோதித்து இந்த நோட்டில் எழுதுவேன். புள்ளி கீழே இறங்கினால் அப்பா நடப்பார்.

பெரிய டாக்டர் வந்து மாமாவிடம் கேள்வி கேட்டார். அப்பாவைக் கடலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது மாமாதான்.

"எவ்வளவு ஆழம்?"

"பதினாலு பாகம் சார்."

டாக்டருக்குப் பாகம் தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அதாவது ஆறு அடி, மொத்தம் எண்பத்து நாலு அடி என்று நான் சொன்னேன். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

"எத்தனை தடவை முங்கினார்?"

"ஆறு தடவ. ஒவ்வொரு தடவையும் இருபத்தஞ்சு நிமிசம். வாட்ச்சப் பாத்துத்தான் சார் ஏத்துனேன்."

"இருபத்தஞ்சுன்னு யார் சொன்னது?"

மாமா என்னைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். "எங்க கணக்குதான் சார்."

நான் ஃபிளாஸ்க் மூடியைத் திருகி மூடினேன். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

ரத்தத்தில் காற்றுக் குமிழி உண்டாகித் தண்டுவடத்தில் அடைத்துவிட்டதாம். அழுத்தக் காற்று அறை என்று ஒன்று இருக்கிறது, அதற்குள் வைத்தால் குமிழி சுருங்கும்; ஆனால் அது பத்து மணி நேரப் பயணத்தில் வேறு ஊரில் இருக்கிறது. எழுதிக் கேட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

புள்ளி அதே இடத்தில். பூசைக்குப் போகவில்லை.

ஜனவரி 22, புதன்

எங்கள் தொழிலைப் பற்றி அறியாதவர்கள் இதைப் படித்தாலும் விளங்கவேண்டும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் ஊரில் சங்கு எடுக்க முங்குகிறார்கள். கரையிலிருந்து இரண்டு மணி நேரம் போனால் கடலுக்கு அடியில் பாறை வரிசை இருக்கிறது. அதைப் பார் என்பார்கள். பாறைகளுக்கு இடையே உள்ள மணலில் சங்கு புதைந்து கிடக்கும். படகில் சைக்கிள் கடையில் இருப்பது போன்ற ஒரு கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து நீளமான டியூப். அதன் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு அப்பா இறங்குவார். படகில் இருந்து டியூபைப் பிடிப்பவர் அவருடைய மச்சானாகத்தான் இருக்கவேண்டும். அண்ணன் தம்பிகூடப் பிடிக்கக்கூடாது. மச்சான் கையை விட்டால் அவன் கூடப்பிறந்தவள்தானே தாலி அறுப்பாள், அதனால் விடமாட்டான் என்பது கணக்கு.

என் அம்மாவின் தம்பிதான் பிச்சை மாமா. அப்பாவின் தங்கை ரீத்தா அத்தையைத்தான் அவர் கட்டியிருக்கிறார். பதினொரு வருடமாக அப்பாவின் டியூபைப் பிடிக்கிறவர் அவர்தான்.

இன்று அத்தை சோறும் நெத்திலிக் குழம்பும் கொண்டுவந்தாள். அம்மா தூக்குச்சட்டியைத் தொடவில்லை.

"எங்க அண்ணனுக்குத்தான் கொண்டாந்தேன் மதினி. உங்களுக்கு இல்ல."

"ஒம் புருசன் அன்னைக்கே ஒழுங்கா இருந்திருந்தா ஒங்க அண்ணன் எங்க வீட்டுச் சோத்தத் தின்னுருப்பாரு."

அத்தை சட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அம்மா வெளியே போன பிறகு நான் அப்பாவுக்கு ஊட்டினேன். நானும் சாப்பிட்டேன்.

ஜனவரி 26, ஞாயிறு

பக்கத்துக் கட்டிலில் பனையிலிருந்து விழுந்த ஒருவர் இருக்கிறார். அவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இன்று அப்பாவிடம், "நா மேலருந்து கீழ வந்து கெட்டேன். நீரு கீழருந்து மேல வந்து கெட்டீரு. நடுவுல இருக்கவன்தான்வே பொழைக்கான்" என்றார். அப்பா சிரித்தார். சிரிக்கும்போது வயிற்றில் பாதிதான் குலுங்கியது. புள்ளிக்கு மேலே உள்ள பாதி.

மூத்திரப் பையை மாற்ற நர்ஸம்மா சொல்லிக்கொடுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் புண் வரும். நேர அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டலாமா என்று கேட்டேன். "ஒட்டு, நல்லதுதானே" என்றார். தாளை எடுத்துக் கோடு போட ஆரம்பித்தேன். பிறகு எழுதவில்லை. மனதிலேயே வைத்துக்கொள்கிறேன்.

அழுத்தக் காற்று அறையிலிருந்து பதில் வந்தது. பத்து நாள் ஆகிவிட்டதால் இனி பெரிய பலன் இருக்காதாம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். முன் அறையில் கட்டில். புள்ளி அதே இடத்தில். பேனா மை அழிந்துபோகிறது, தினமும் அதன் மேலேயே மறுபடி வைக்கிறேன்.

மாலையில் எட்வின் அண்ணன் பார்க்க வந்தார். அவரும் சங்கு முங்குகிறவர்தான். அவர் போன பிறகு நடந்தது இது. மாமா வாசல் வரை வந்து நின்றார். அம்மா உள்ளே வரச் சொல்லவில்லை. நின்ற இடத்திலிருந்தே கேட்டாள்.

"எட்வினுக்குப் போன வருசம் கால் இழுத்துச்சா இல்லியா? அவன் மச்சான் என்ன செஞ்சான்? இன்னொரு டியூபக் கடிச்சுக்கிட்டு அவனக் கட்டிப் புடிச்சி மறுபடி கீழ இறங்குனான். ஒண்ணரை மணி நேரம் கீழயே வச்சிருந்து மெல்ல மெல்ல ஏத்துனான். இப்பத்தான் அந்த எட்வின் ரெண்டு காலால நடந்து வந்துட்டுப் போறான். நீ ஏம்ல இறக்கல?"

மாமா கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஊரே கேக்குதுலே. மச்சானத் திரும்ப இறக்கத் தெரியாதவனுக்கு டியூபு எதுக்குன்னு கேக்கு. சொல்லு. ஏன் இறக்கல?"

"பயந்துட்டேங்கா."

"பயந்துட்டியா? பதினோரு வருசம் வராத பயம்!"

அம்மா கதவைச் சாத்தினாள். மாமாவின் செருப்புச் சத்தம் உடனே கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்டது.

பிப்ரவரி 3, திங்கள்

மாமா பயப்படவில்லை. எனக்குத் தெரியும். எழுதிவிடுகிறேன்.

போன அக்டோபரில் எங்கள் பள்ளி நூலகத்தில் ஒரு ஆங்கிலப் புத்தகம் கண்டேன். கடற்படையில் இருந்த யாரோ கொடுத்தது. நீருக்குள் எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எப்படி ஏற வேண்டும் என்று முழுவதும் அட்டவணைகள். யாரும் எடுக்காத புத்தகம். ஒட்டியிருந்த சீட்டில் ஒரு முத்திரைகூட இல்லை. மூன்று மதிய இடைவேளையில் உட்கார்ந்து, அடிகளைப் பாகமாக மாற்றி, கெட்டி அட்டையில் தமிழில் எழுதினேன். எட்டுப் பாகத்திலிருந்து பதினாறு பாகம் வரை. எதிரே நிமிடம். மேலே சின்னதாக ஒரு சங்கு வரைந்தேன். நீர் படாமல் இருக்கப் பிளாஸ்டிக் ஒட்டி அப்பாவிடம் கொடுத்தேன்.

அட்டையின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தேன். "கால் மரத்தால் மீண்டும் நீருக்குள் இறக்கவே கூடாது. உடனே மருத்துவமனை." அது புத்தகத்தில் உள்ளது. தடித்த எழுத்தில் உள்ளது. நானாக எழுதியது அல்ல.

அப்பாவுக்குக் கால் இழுத்தபோது அந்த அட்டை படகில்தான் இருந்தது. மாமாவுக்கு வாசிக்கத் தெரியும்.

புத்தகம் எழுதியவர்கள் அரை மணி நேரத்தில் போகக்கூடிய அழுத்தக் காற்று அறையை நினைத்து எழுதியிருக்கலாம். அது என் தவறு ஆகாது என்றே நினைக்கிறேன். இறக்கியிருந்தால் அப்பா செத்தும் போயிருக்கலாம். எட்வின் அண்ணன் பிழைத்தது மட்டும்தான் நமக்குத் தெரியும். பிழைக்காதவர்கள் வந்து சொல்லமாட்டார்கள் அல்லவா?

வேதியியல் செய்முறை நோட்டு முடித்தேன். துணிகளை ஊறவைத்தேன்.

பிப்ரவரி 6, வியாழன்

நூலகத்துக்குப் போனேன். சிவப்பு வரி புத்தகத்தில் இருப்பதை இன்னொரு முறை என் கண்ணால் பார்த்துக்கொள்ளத்தான் போனேன். இருக்கிறது. அதே பக்கம், அதே தடித்த எழுத்து.

பிறகு அட்டவணைப் பக்கத்தையும் எடுத்தேன். நான் எழுதிய எண்கள் எல்லாம் சரி. ஒன்றுகூடத் தப்பில்லை. அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: இவை அன்றைய முதல் முங்கலுக்கு மட்டும். அடுத்தடுத்த முங்கலுக்கு அடுத்த பக்கம் காண்க.

அடுத்த பக்கத்தில் இன்னொரு அட்டவணை. முதல் முங்கலில் உடம்பில் சேர்ந்த காற்று முழுவதும் போக மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் மறுபடி இறங்கினால், மிச்சமிருப்பதையும் கூட்டிக் கணக்கிட்டு நேரத்தைக் குறைக்கவேண்டும். நான் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பதினாலு பாகத்தில் இருபத்தைந்து நிமிடம் ஒரு முறை இருந்துவிட்டு அரை மணியில் திரும்ப இறங்கினால், இரண்டாவது முறை சில நிமிடங்களுக்கு மேல் இருக்கக்கூடாது. மூன்றாவது முறைக்கு அந்த அட்டவணையில் எண்ணே இல்லை. வெறும் கோடு.

அப்பா ஆறு முறை இறங்கினார்.

அக்டோபரில் இந்தப் பக்கம் என் கண்ணில் படவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

பட்டது. அன்றே பார்த்தேன். பக்கத்தைப் புரட்டினேன், நிறையக் கட்டங்கள் இருந்தன, மணி அடித்துவிட்டது. ஒரே அட்டைக்குள் அழகாக முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அப்பாவின் முதுகில் புண் வந்துவிட்டது. ஐந்து ரூபாய் நாணயம் அளவு. நான் நேரம் தவறாமல்தான் திருப்பினேன்.

அம்மா பூசைக்குப் போயிருந்தாள். புண்ணைத் துடைத்துக்கொண்டே அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முகம் சுவர்ப் பக்கம் இருந்ததால் சொல்ல எளிதாக இருக்கும் என்று பட்டது.

"அப்பா, அந்த அட்டை..."

"என் சட்டைப் பையில இருந்திச்சே, பத்திரமா எடுத்து வச்சியா? அதப் பாத்து எழுத ஊர்ல எத்தன பேரு வந்தான் தெரியுமா? கஸ்பார் மவ எழுதுனதுன்னு சொல்லித்தான் கேப்பானுவ."

"அதுல ஒண்ணு சொல்லணும்பா."

"நான் சொல்லுதேன் கேளு. அன்னைக்கு மூணாவது முங்கல் ஏறும்போதே தோளு வலிச்சுக் கடிக்க ஆரம்பிச்சிட்டு. முன்னாலல்லாம்னா தோளு கடிச்சா அன்னைக்கு அத்தோட சரி, நிப்பாட்டிருவேன். உங்க மாமன்கூடப் போதும் மச்சான், கரைக்குப் போவோம்னான். நான் அட்டைய எடுத்துப் பாத்தேன். பதினாலு பாகம், இருபத்தஞ்சு நிமிசம். நாம தாண்டல. நம்ம பிள்ள எழுதுனது தப்பா இருக்காதுல, இது சும்மா குளுருல பிடிச்சதுன்னு சொல்லிட்டு இறங்குனேன். ஒரு தைரியம் பாத்துக்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எல்லாம் கணக்குப்படி செஞ்சும் இப்பிடி ஆச்சுன்னா, அது கடவுள் எழுதுனது. யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. நீ என்ன சொல்ல வந்த?"

"புண்ணுக்குப் பவுடர் போடவான்னு கேக்க வந்தேன்."

"போடு."

பிப்ரவரி 23, ஞாயிறு

மாமாவை இனி யாரும் படகில் ஏற்றமாட்டார்கள். மச்சானைத் திரும்ப இறக்காதவன் கையில் டியூபைக் கொடுக்க எவனுக்கும் மனம் வரவில்லை. மங்களூரில் விசைப்படகு வேலைக்குப் போகப்போகிறார் என்று அத்தை தண்ணீர்க் குழாயடியில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். புத்தகம், சிவப்பு வரி, அடுத்த பக்கம், மணி அடித்தது, தோள் கடித்தது. வரிசையாகச் சொன்னேன். அம்மா செதிளைச் சுரண்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"இது ஒம் மாமனுக்குத் தெரியுமா?"

"சிவப்பு வரி தெரியும். அடுத்த பக்கம் தெரியாது."

"அதான் வாயத் தொறக்கல." மீனைத் திருப்பிப் போட்டுச் சுரண்ட ஆரம்பித்தாள். "வேற யார்ட்ட சொன்ன?"

"யார்ட்டயும் இல்ல. மாமா வீட்டுல போய்ச் சொல்லுவோம்மா. ஊர்ல சொல்லுவோம்."

"சொல்லி? கஸ்பார் கால அவன் மவதான் எடுத்தான்னு நாளைக்கு ஊரு சொல்லும். ஒங்க அப்பா காதுல விழும். படுத்துக் கெடக்க மனுசனுக்கு நீ ஒருத்திதாம்ட்டி மிச்சம். அதையும் பிடுங்கப் போறியா?"

"மாமா?"

அம்மா கத்தியை எடுத்தாள். பிறகு, "அவன் ஆம்பள. தாங்கிக்கிடுவான்" என்றாள். மீனின் தலை சரியாக அறுபடவில்லை.

மார்ச் 3, திங்கள்

மாமா காலைப் பேருந்தில் போனார். நான் பள்ளிச் சீருடையில் நிறுத்தத்துக்குப் போனேன். அடுத்த பக்கத்தைப் பற்றி அவரிடம் சொன்னேன். அம்மா வேண்டாம் என்று சொல்லியும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அது பாதியில் மாட்டியிருந்தது.

"பரீட்ச எப்ப?"

"புதன்கிழமை. மாமா, நான் சொன்னது கேட்டிச்சா?"

"கேட்டுச்சு." ஜிப் வரவில்லை, விட்டுவிட்டார். "தோளு கடிக்குதுன்னு மச்சான் சொன்னப்பவே நான் டியூபச் சுருட்டிருக்கணும் மக்கா. அட்டையில எழுதியிருந்தா என்ன? கடிச்சது அவரு தோளுல்லா. அத எனக்குத் தெரியும்லா."

பேருந்து வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் எனக்குப் பாரம் குறையும் என்று நினைத்துச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படி நினைக்கிறாரா என்று தெரியவில்லை. அவருக்கும் இனி அந்தப் பாரம் போகாது என்பது மட்டும் தெரிகிறது.

மார்ச் 5, புதன்

சாம்பல் புதன். தமிழ்த் தேர்வு எளிது. புள்ளியை இன்று வைக்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை.

மார்ச் 8, சனி

விடிந்ததும் எட்வின் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றார். கடலுக்குப் போகிற வழி.

"ஜெனோவா, ஒங்க அப்பாவுக்கு எழுதுனியே, அதே மாதிரி எனக்கு ஒரு அட்டை எழுதிக் குடும்மா. நவம்பர்ல பாத்து எழுதி இஞ்சின் பெட்டி மூடியில ஒட்டுனது தண்ணி பட்டு நைஞ்சிபோச்சு. நம்ம கரையில அஞ்சு படகுல அதான் ஓடுது."

அஞ்சு படகு. நான் அவரை வேலிப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னேன். அந்த எண்கள் நாளின் முதல் முங்கலுக்கு மட்டும்தான். நான் ஒரு பக்கத்தை விட்டுவிட்டேன். அப்பாவின் கால் போனது அதனால்தான். மாமா இறக்காததும் நான் எழுதியதைப் படித்ததால்தான். அப்பாவுக்குக் கேட்காதபடி மெல்லத்தான் சொன்னேன், ஆனால் ஒன்றையும் விடவில்லை.

அவர் கேட்டு முடித்துவிட்டு என் தலையில் கை வைத்தார்.

"மாமன் மேல அவ்வளவு பாசமா? அவன் பழியத் தூக்கி ஒந் தலையில போட்டுக்கிடுத. நல்ல பிள்ள."

"இல்லண்ணே, நெசம். புத்தகத்தக் காட்டுதேன். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைக்கு மேல இறங்கக்கூடாது."

"ரெண்டு தடவ முங்கிட்டுக் கரைக்கு வந்தா எம் பொண்டாட்டி என்னைய வாசல்லயே நிறுத்திருவா." சிரித்தார். "சங்கு ஒனக்காகக் கரையேறி வராதும்மா. நாங்கல்லாம் அட்டை வந்த பிறகுதான் பயமில்லாம முங்குதோம். ஒங்க அப்பாவுக்கு நேரம் சரியில்ல, அவ்வளவுதான்."

சமையலறைக்குப் போய் மீன் கத்தியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே கரைக்குப் போனேன். படகு பாதி நீரில் இருந்தது. முழங்கால் வரை இறங்கி ஏறினேன். இஞ்சின் பெட்டி மூடியின் உள்பக்கம் அட்டை ஒட்டியிருந்தது. எழுத்து அவருடையது, கோணல் மாணலாக. மேலே சங்கைக்கூட வரைந்திருந்தார். நான் கத்தியால் சுரண்டினேன். பசை கெட்டியாக இருந்தது, துண்டு துண்டாக வந்தது. அவருடைய மச்சான், "ஏ, இந்தப் பிள்ளைக்கு என்ன கிறுக்கு?" என்றார். "விடுல, மாமன் போன வருத்தம்" என்று எட்வின் அண்ணன் சொன்னார்.

கடைசித் துண்டையும் எடுத்துத் தண்ணீரில் போட்டுவிட்டு நிமிர்ந்தேன். இறங்கச் சொல்லி அவர் கை கொடுத்தார்.

"இத நீ சுரண்டி என்னம்மா ஆவப்போவுது?" என்றார். டியூபை வளையம் வளையமாகத் தோளில் மாட்டிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். எட்டுப் பாகம், பத்துப் பாகம், பன்னிரண்டு பாகம். பள்ளியில் வாய்ப்பாடு சொல்வதுபோல ராகம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ள நிமிடத்தோடு. பதினாலு பாகம், இருபத்தஞ்சு நிமிசம். அவருடைய மச்சானும் சேர்ந்துகொண்டார். படகு நகர்ந்த பிறகும் கேட்டது. பதினாறு பாகம் வரை, ஒரு தப்பும் இல்லாமல் சொன்னார்கள்.